உண்ண முடியாதவரின் சாட்சியம்: ஆட்டிசம், உண்ணுதல் கோளாறு, கலை

ஆட்டிச நிலையாளர்கள் பலருக்கு உணவோடு உண்டாகும் சிக்கலைக் கலையும் இலக்கியமும் எவ்வாறு பேசியிருக்கின்றன, யாருடைய வாயால் பேசியிருக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மணிமேகலை முதல் அண்மைக்கால ஆவணப்படம் வரை சில படைப்புகள் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. அவை இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய வடசென்னைப் பகுதிகளின் அன்றாட வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கப்படுகின்றன. பசியைப் பற்றித் தமிழில் மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. தட்டில் சோறு இருந்தும் உண்ண இயலாதவரைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. இந்தக் குறை ஏன் ஏற்பட்டது, அதை நிரப்ப வரும் படைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பவையே இங்குள்ள கேள்விகள்.

சொற்களும் வரையறையும்

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலை. இது தொற்றுவதும் அல்ல, வளர்ப்பின் பிழையால் வருவதும் அல்ல. ஒலி, ஒளி, மணம், சுவை, தொடுஉணர்வு ஆகியவற்றை ஆட்டிச நிலையாளர்களில் பலர் மற்றவர்களைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்கிறார்கள். இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைச் சேர்த்துக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசமும் ஒன்று.

1943இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்தே ஆட்டிசம் குறித்த நவீன மருத்துவப் பேச்சு தொடங்குகிறது. அக்குழந்தைகளில் பலர் உண்பதில் தொல்லைப்பட்டதை அவர் அப்போதே குறித்து வைத்தார். 1983இல் சுவீடனைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்டோபர் கில்பெர்க், ஆட்டிசத்துக்கும் அனோரெக்சியா நெர்வோசா எனப்படும் தன்னைப் பட்டினி போடும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியை எழுப்பினார். அனோரெக்சியாவுக்குச் சிகிச்சை பெறும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், சில ஆய்வுகளில் அதற்கும் மேல், ஆட்டிச நிலையிலோ அதன் கூறுகள் மிகுந்தவராகவோ இருப்பதாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

2013இல் வெளியான டி.எஸ்.எம்-5 என்னும் உளநோய் வகைப்பாட்டு நூல் 'ஆர்ஃபிட்' என்ற புதிய பெயரைச் சேர்த்தது. உணவைத் தவிர்த்தல் அல்லது மிகவும் சுருக்கிக்கொள்ளுதல் என்று இதை விளக்கலாம். இதில் உடல் எடை பற்றிய அச்சமோ மெலிய வேண்டும் என்ற ஆசையோ இருக்காது. உணவின் பதம், மணம், நிறம், முன்பு ஒருமுறை புரை ஏறிய நினைவு, பசியே தெரியாமை போன்றவை காரணமாக இருக்கும். விளையாட்டுக்கு அடம் பிடிக்கும் குழந்தையிலிருந்து இந்நிலையில் உள்ள குழந்தை வேறுபட்டது. நாளாக ஆக எடையும் சத்தும் குறையும். சிலருக்குக் குழாய் வழியே உணவு செலுத்த வேண்டிய நிலையும் வரும். பிரிட்டனின் பிரிஸ்டலில், வறுவலும் வெள்ளை ரொட்டியும் போன்ற சில உணவுகளை மட்டுமே பல ஆண்டுகள் உண்டுவந்த ஓர் இளைஞர் பார்வையை இழந்தது 2019இல் மருத்துவ இதழில் பதிவானது. எனவே இது வாய்ருசி பற்றிய சிறு விவகாரம் அல்ல.

பசியைப் பாடிய மரபு

'பசி ருசி அறியாது' என்பது தமிழரின் பழமொழி. இதன் தொடர்ச்சியாக 'பசித்தால் தானே தின்பான்' என்ற அறிவுரை வீடுதோறும் சொல்லப்படுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது பொருந்தும். ஆட்டிச நிலையில் உண்ணுதல் கோளாறும் உள்ள குழந்தைக்குப் பொருந்தாது. உடலுக்குள்ளிருந்து எழும் பசி, தாகம் போன்ற குறிப்புகளை அவர்களில் பலர் தெளிவாக உணர்வதில்லை. இந்த நிலையில் பசிக்கட்டும் என்று காத்திருக்கும் பெற்றோர், வராத பேருந்துக்கு நிற்பவரைப் போன்றவர்கள். பழமொழி பொய் சொல்லவில்லை. அதை உருவாக்கியவர்கள் இப்படிப்பட்ட ஒருவரை எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழ் இலக்கியத்திலும் இதே நிலைதான். பசி என்றால் உணவு இல்லாமை. அறம் என்றால் உணவு கொடுத்தல். மணிமேகலையின் அமுதசுரபியும் வள்ளலாரின் வடலூர் அடுப்பும் இந்த நெறியின் உச்சங்கள். தற்காலத்தில் ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பில் உள்ள 'சோற்றுக்கணக்கு' கதையும் இந்த வரிசையில் வரும். கெத்தேல் சாகிபின் கடையில் காசைக் கேளாமல் பரிமாறும் கை, தாயின் கையாக மாறுகிறது. வறுமை கண்ட சமூகத்தில் இந்த இலக்கியம் தோன்றியது இயல்பே, அதன் பெருமையும் குறையாதது. ஆயினும் அதற்கு ஒரு விளைவு உண்டு. கொடுக்கும் கை இவ்வளவு புனிதமாகும்போது, அந்தக் கையைத் தள்ளிவிடும் வாய் நன்றி கெட்டதாகத் தெரிகிறது. 'கொழுப்பு', 'வாய்க்கு வக்கணை கேட்குது' என்ற ஏச்சுகள் இந்த இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

காயசண்டிகையின் வாக்குமூலம்

இந்த மரபிலேயே ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. மணிமேகலையில் வரும் காயசண்டிகை, எவ்வளவு உண்டாலும் தீராத 'ஆனைத்தீ' என்னும் பசிநோய் கொண்டவள். விருச்சிக முனிவர் உண்ணவிருந்த நாவல் கனியை அறியாமல் காலால் சிதைத்ததால், பன்னிரண்டு ஆண்டுகள் பசியால் வாடுமாறு சாபம் பெற்றாள் என்பது கதை. புகார் நகரில் மணிமேகலையிடம் தன் வரலாற்றை அவளே சொல்கிறாள். அமுதசுரபியின் உணவால் அவள் நோய் தீர்கிறது.

இங்கே இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, உணவோடு இயல்பற்ற உறவு கொண்ட ஒருத்திக்குக் காப்பியம் சொந்தக் குரல் தருகிறது. அவளது கணவனோ ஊராரோ அவளுக்காகப் பேசவில்லை. இரண்டாவது, அவள் நோய் ஒரு குற்றத்தின் தண்டனையாகக் காட்டப்படுகிறது. இன்றும் உண்ணாத குழந்தையைக் கண்டால் முதலில் எழும் கேள்வி 'யார் செய்த தப்பு?' என்பதுதான். சில நேரம் கண்ணேறு, சில நேரம் தாயின் செல்லம் காரணமாகச் சொல்லப்படும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மேற்கு மருத்துவமும் அன்பில்லாத தாய்தான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று பழி சுமத்தியது; பின்னர் அது தவறென்று கைவிடப்பட்டது. பழி தேடும் பழக்கம் கீழை நாட்டுக்கு மட்டும் உரியதல்ல.

காஃப்காவின் பட்டினிக் கலைஞன்

ஃபிரான்ஸ் காஃப்கா 1922இல் வெளியிட்ட 'பட்டினிக் கலைஞன்' கதையில், பட்டினி கிடப்பதையே வித்தையாகக் காட்டும் ஒருவன் கூண்டில் அமர்ந்திருக்கிறான். மக்கள் காசு கொடுத்து அவனைப் பார்க்கிறார்கள். அவன் ஏமாற்றுகிறானோ என்று சிலர் ஐயப்படுகிறார்கள்; அவனது மனவலிமையைச் சிலர் வியக்கிறார்கள். சாகும் தறுவாயில் அவன் உண்மையைச் சொல்கிறான். தனக்குப் பிடித்த உணவு கிடைக்காததால்தான் உண்ணவில்லை. கிடைத்திருந்தால் எல்லோரையும் போலத் தானும் வயிறார உண்டிருப்பேன் என்பதே அவன் சொன்னதன் சாரம்.

கதைக்குப் பல விளக்கங்கள் உண்டு. அதை ஒரு நோயின் வருணனையாக மட்டும் சுருக்குவது பிழை. ஆனால் பார்ப்பவர்கள் தவம் என்றும் பித்தலாட்டம் என்றும் எண்ணிக்கொண்டிருக்க, உண்ணாதவனின் காரணம் மிக எளியதாக இருக்கிறது. அதை யாரும் அவனிடம் முறையாகக் கேட்கவில்லை. கேட்டபோது காலம் கடந்துவிட்டது. உண்ணுதல் கோளாறு பற்றிய எந்தக் கலைப்படைப்பையும் மதிப்பிட இந்தக் கதை ஓர் அளவுகோல் தருகிறது: படைப்பு அவரை வேடிக்கை பார்க்க வைக்கிறதா, அவரிடம் காரணம் கேட்கிறதா?

உள்ளிருந்து வந்த குரல்கள்

ஜப்பானைச் சேர்ந்த நவோகி ஹிகாஷிடா 13 வயதில் எழுதி 2007இல் வெளியான நூல், 2013இல் 'தி ரீசன் ஐ ஜம்ப்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வந்தது. ஆட்டிச நிலையாளரிடம் மற்றவர்கள் கேட்கும் கேள்விகளும் அவர் தரும் விடைகளுமாக நூல் அமைந்துள்ளது. அவற்றில் ஒன்று உணவைப் பற்றியது. சிலருக்கு, மனம் ஏற்கெனவே உணவென்று ஏற்றுக்கொண்டவற்றுக்கு மட்டுமே சுவை உண்டு. மற்றவை விளையாட்டுச் சாமான் போலத்தான் தோன்றும் என்ற பொருளில் அவர் விளக்குகிறார். மண்சோறு ஆக்கி விளையாடிய எவருக்கும் இது உடனே புரியும். சொப்பில் உள்ள மண்ணை 'சாப்பிடு' என்று யாராவது மெய்யாகவே வற்புறுத்தினால் எப்படி இருக்கும்? உண்ணாமையைப் பிடிவாதம் என்ற இடத்திலிருந்து எடுத்து, புலன் அனுபவம் என்ற இடத்தில் வைத்துவிடுகிறது இந்த விடை.

இந்நூல் பற்றி ஒரு சர்ச்சையும் உள்ளது. பேச்சு மிகக் குறைந்த ஹிகாஷிடா எழுத்துப் பலகையைச் சுட்டி எழுதியவர். உதவியாளர் உடனிருக்கும் இம்முறையில் எழுத்து முழுவதும் அவருடையதுதானா என்று சில ஆய்வாளர்கள் கேட்டுள்ளனர். வாசகர் இதை அறிந்தே நூலைப் படிக்க வேண்டும். ஒரு நூலை எல்லா ஆட்டிச நிலையாளர்களின் வாக்குமூலமாகக் கொள்வதும் சரியன்று.

இதே பெயரில் ஜெரி ராத்வெல் இயக்கிய ஆவணப்படம் 2020இல் சண்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டு, உலக ஆவணப்படப் பிரிவில் பார்வையாளர் விருது பெற்றது. நொய்டாவைச் சேர்ந்த ஓவியர் அம்ரித் குரானா அதில் இடம்பெறுகிறார். தாம் கண்ட மனிதர்களையும் அன்றாடக் காட்சிகளையும் அவர் வரைகிறார். மகள் மனத்தில் ஓடுவது என்ன என்பதை அந்தப் படங்கள் வழியே குடும்பம் கண்டுகொள்கிறது. பேச்சு வராதவரிடம் 'ஏன்?' என்று கேட்டு விடை வராதபோது, வரைதாள் விடை தந்திருக்கிறது. மிக நெருங்கிய காட்சிகளாலும் பெருக்கிய ஒலிகளாலும் பார்வையாளரின் புலன்களையே கலைத்துப்பார்க்கிறது இந்தப் படம். சியரா லியோனில் ஆட்டிச நிலைக் குழந்தைகளைப் பேய் பிடித்தவர்களாக எண்ணும் பகுதியும் வருகிறது. அது நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

படத்தின் குறை என்று ஒன்றைச் சொல்லலாம். மின்விசிறியின் சுழற்சியையும் மழையின் ஒலியையும் இவ்வளவு நுட்பமாகக் காட்டத் தெரிந்த படம், சாப்பாட்டு வேளைக்கு அந்த நுட்பத்தைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. குடும்பத்தில் ஒரு நாளைக்கு மூன்று முறை போராட்டம் நடக்கும் இடம் அது.

தமிழில் வந்தவை

ஜி.என்.ஆர். குமாரவேலன் இயக்கி 2013இல் வெளிவந்த 'ஹரிதாஸ்', ஆட்டிச நிலைச் சிறுவனை மையமாக வைத்த குறிப்பிடத்தக்க தமிழ்த் திரைப்படம். கிஷோர் தந்தையாகவும் சினேகா ஆசிரியையாகவும் நடித்தனர். அரசுப் பள்ளி ஒன்றில் இத்தகைய குழந்தை எப்படி ஏற்கப்படலாம் என்பதை வெகுமக்களிடம் கொண்டுசென்ற பெருமை அதற்கு உண்டு. எனினும் சிறுவனின் மதிப்பு அவனது ஓட்டத் திறமையால் நிலைநாட்டப்படுகிறது. வெற்றி பெறாத ஹரிதாஸ்களின் அன்றாடத்தைப் படம் பின்தொடரவில்லை. ஓட்டப் பந்தயத்தைக் காட்டுவது எளிது. ஒரு கவளம் உள்ளே போவதற்கு ஒரு மணி நேரம் ஆவதைக் காட்டுவது கடினம். அதற்குக் கைதட்டலும் கிடைக்காது.

எழுத்தில் யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' நூலும் 'துலக்கம்' நாவலும், லஷ்மி பாலகிருஷ்ணனின் 'எழுதாப் பயணம்' நூலும் முக்கியமானவை. மருத்துவச் சொற்களுக்கும் சமையலறைத் தமிழுக்கும் நடுவே இவை பாலம் போட்டன. குழந்தையை நோயாளி என்று சொல்லாமல் 'ஆட்டிச நிலை' என்று சொல்லும் வழக்கம் பரவியதற்கும் இத்தகைய எழுத்துகள் துணைநின்றன. இவற்றின் பார்வை பெரும்பாலும் பெற்றோரின் பார்வை. அது குறையன்று; ஊட்டும் கையின் களைப்பையும் யாராவது எழுதத்தான் வேண்டும். ஆனால் ஊட்டப்படும் வாயின் அனுபவம் இன்னும் தமிழில் ஒரு தனி நூலாகக் கனியவில்லை.

பெண்களின் நிலை இன்னும் பின்தங்கியது. பெண் குழந்தைகளிடம் ஆட்டிசம் தாமதமாகவே கண்டறியப்படுகிறது என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட உண்மை. உண்ணாத பெண்ணுக்கு 'ஒல்லியாக ஆசை' என்று ஒரு விளக்கமும், 'விரதம்' என்று ஒரு விளக்கமும், எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணும் 'அடக்கம்' என்று ஒரு விளக்கமும் நம்மிடம் தயாராக இருக்கின்றன. 2020இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, அனோரெக்சியா கண்ட ஆட்டிச நிலைப் பெண்களிடம் நேரில் பேசியது. எடை, அழகு என்பவற்றைத் தாண்டிப் புலன் நெருக்கடி, குழப்பமான உலகில் ஏதேனும் ஒன்றையாவது தம் பிடியில் வைத்துக்கொள்ளும் தேவை, உணர்ச்சிகளைத் தாங்க முடியாமை ஆகியவற்றை அவர்கள் காரணங்களாகச் சொன்னார்கள். ஹரிதாஸுக்கு இணையான ஒரு சிறுமியின் கதை தமிழ்த் திரையில் வந்தால், அது இந்த மூன்று தயார் விளக்கங்களையும் முதலில் கழற்றிவைக்க வேண்டியிருக்கும்.

வடசென்னையின் தட்டு

'இதெல்லாம் வசதி உள்ளவர்களின் நோய்' என்ற மறுப்பு எழலாம். வடசென்னையை நினைத்துப் பார்த்தால் நிலைமை நேர்மாறானது என்று புரியும்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை நம்பி வாழும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வருமானம் குறைகிறது, தட்டில் விழும் மீனும் மாறுகிறது. சங்கராவுக்குப் பதில் காரப்பொடியோ கருவாடோ வரும். மற்ற பிள்ளைகள் முணுமுணுத்துவிட்டு உண்பார்கள். ஒரே மீனை, ஒரே பதத்தில் வறுத்தால் மட்டுமே உண்ணும் ஒரு பிள்ளைக்கு அது சோறே இல்லாத இரண்டு மாதம். குறிப்பிட்ட ஒரு பிஸ்கட்டை மட்டும் கேட்கும் பிள்ளையைச் செல்லம் கெட்டது என்பார்கள். அந்தப் பிள்ளையின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. பாக்கெட்டில் உள்ள பிஸ்கட் இன்றும் நாளையும் ஒரே நிறம், ஒரே மொறுமொறுப்பு. வீட்டுக் குழம்பு ஒவ்வொரு நாளும் வேறு. மாறாமையே அதற்குப் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பை அன்றாடம் விலைகொடுத்து வாங்க வேண்டியிருப்பதுதான் ஏழைக் குடும்பத்தின் சுமை.

இந்நிலப்பகுதி புலன்களுக்கும் எளிதானதல்ல. கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல், துறைமுகத்துத் தூசி, மணலி ஆலைகளின் வாடை ஆகியவை இங்கு அன்றாடம். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவு எண்ணூர் முகத்துவாரத்தைக் கறுப்பாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு அம்மோனியா வாயு கசிந்து மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். மணத்தைப் பன்மடங்காக உணர்பவருக்கு உணவின் மணமும் சூழலின் வாடையும் தனித்தனியாக வருவதில்லை. சோற்றை வெறுப்பதுபோலத் தெரிவது, அந்த நேரத்துக் காற்றை வெறுப்பதாகவும் இருக்கலாம்.

உண்ணாத குழந்தையைத் 'தொக்கம்' எடுப்பவரிடம் கொண்டுபோவது இப்பகுதியிலும் உள்ள வழக்கம். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்பது நம்பிக்கை. மருத்துவம் அதை ஏற்காது. புரை ஏறுதல் போன்ற ஆபத்தும் உண்டு. ஆயினும் அந்தச் சொல்லில் ஒரு நேர்மை இருக்கிறது. குழந்தை வேண்டுமென்றே செய்யவில்லை, ஏதோ ஒன்று தடுக்கிறது என்று அது ஒப்புக்கொள்கிறது. 'கொழுப்பு' என்ற சொல்லைவிட இது இரக்கமானது. கலைஞர் ஒருவர் இந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

சொல்லை மீட்பதற்கு இம்மண்ணில் முன்மாதிரியும் உண்டு. 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதி, எண்ணூரில் படமாக்கப்பட்ட 'சென்னை புறம்போக்கு பாடல்', வசையாகிப்போன 'புறம்போக்கு' என்ற சொல்லைப் பொதுநிலம் என்ற பழைய பொருளுக்குத் திருப்பியது. 'அடம்' என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு பாட்டு தேவைப்படுகிறது. அதைக் கானாவில் பாடினால் இன்னும் பொருத்தம். எனினும் எண்ணூரைப் பாட வெளியிலிருந்து ஒரு புகழ்பெற்ற குரல் வந்தது. ஆட்டிச நிலையாளரின் உணவு அனுபவத்துக்கு அப்படி ஒரு குரல் மட்டும் போதாது. ஒளிப்படக் கலைஞர் எம். பழனிக்குமார் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கேமரா பழக்கி, அவர்கள் வாழ்வை அவர்களே படமெடுக்க வைத்த வழியே இங்கு உகந்தது. எழுத வராத, பேச்சு குறைந்த ஒருவர்கூட, தன்னால் பார்க்க முடியாத தட்டையும் பார்க்க முடிந்த தட்டையும் படமெடுத்துவிட முடியும்.

மருத்துவமனையும் பள்ளியும் கற்றவை

சாட்சியம் கேட்கப்பட்டால் என்ன மாறும் என்பதற்கு லண்டனில் ஒரு சான்று உள்ளது. மாட்ஸ்லி மருத்துவமனையும் கிங்ஸ் கல்லூரியும் சார்ந்து, பேராசிரியர் கேட் சாந்தூரியா குழுவினர் 'பீஸ் பாத்வே' என்ற சிகிச்சை வழிமுறையை உருவாக்கினர். ஆட்டிச நிலையாளர்களான நோயாளிகள் சொன்னதைக் கேட்டு, வார்டின் நிறங்கள் கண்ணை உறுத்தாதவாறு மாற்றப்பட்டன. மசாலாவும் மாற்றமும் குறைந்த தனி உணவுப் பட்டியல் வந்தது. தம்மைப் பற்றி மருத்துவரிடம் விளக்கும் தகவல் அட்டைகளும் வந்தன. ஊட்டச்சத்துக் கணக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்த இடத்தில் அனுபவம் பேசத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான இடம் பள்ளியே. பிட்டி. தியாகராயர் காலத்தில், 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராசராலும் 1982இல் எம்.ஜி.ஆராலும் விரிவடைந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. பசியால் படிப்பு கெடக்கூடாது என்ற இந்நெறி தமிழகத்தின் பெருமை. ஆனால் உணவுக் கூடத்தில் நூறு எவர்சில்வர் தட்டுகள் ஒன்றாக ஒலிப்பதும், எல்லார் வாடையும் ஒன்றாகக் கலப்பதும் சிலருக்குத் தாங்க முடியாதவை. தட்டோடு வராந்தாவின் ஓரத்துக்குப் போய்விடும் பிள்ளையை வரிசைக்கு இழுத்துவருவது ஒழுங்கு என்று கருதப்படுகிறது. நல்ல செய்தியும் ஒன்று உண்டு. கிழமைக்கு ஒன்றாக உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வகுக்கப்பட்ட பட்டியல், நாளை என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதையே படங்களாக வரைந்து சுவரில் ஒட்டினால், மாற்றத்தை அஞ்சும் குழந்தைக்கு அது பெரிய துணை. அந்தப் படங்களை அக்குழந்தையே வரைந்தால் அது கலையும் ஆகும்.

மதிப்பிடும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து இவ்வகைப் படைப்புகளை மதிப்பிடச் சில அளவுகோல்களைத் தொகுக்கலாம்.

முதலாவது, எலும்பும் தோலுமான உடலைக் காட்டிப் பதறவைப்பதைத் தவிர்க்க வேண்டும். எடை எண்களையும் கலோரிக் கணக்குகளையும் மெலிந்த உடல் படங்களையும் வெளியிட வேண்டாம் என்று உண்ணுதல் கோளாறு அமைப்புகள் ஊடகங்களைக் கேட்டுக்கொள்கின்றன. அவை இதே நோயில் உள்ள பிறரைப் போட்டிக்குத் தூண்டும். காஃப்காவின் கூண்டை நாமே மறுபடி கட்டக்கூடாது.

இரண்டாவது, படைப்பு காரணத்தைச் சொல்ல வேண்டும். பதமா, மணமா, ஒலியா, அச்சமா, பசி தெரியாமையா என்று பிரித்துக் காட்டும் ஓர் எளிய கோட்டோவியம்கூட, 'பாவம்' என்று மட்டும் சொல்லும் பெரிய படத்தைவிடப் பயனுள்ளது.

மூன்றாவது, மீட்சியை அமுதசுரபிக் கதையாக்கக் கூடாது. காயசண்டிகை ஒரே நாளில் குணமானாள். வாழ்க்கையில் ஒரு புதிய உணவு பட்டியலில் சேரவே பல மாதம் ஆகலாம். சிலர் தம் குறுகிய பட்டியலோடு, சத்துக் குறையாமல், மருத்துவர் துணையுடன் வாழப் பழகுவதே வெற்றி. இப்படிப்பட்ட சிறிய முடிவைக் காட்டத் துணியும் படைப்பே உண்மையானது.

நான்காவது, கலை சிகிச்சைக்கு மாற்றல்ல. எடை குறையும், மயங்கும், நீரும் அருந்தாத குழந்தையை உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே குழந்தையால் சொல்ல முடியாததை அதன் ஓவியம் சொல்லலாம். அவ்வளவே கலையின் பங்கு. அதுவும் சிறிய பங்கல்ல.

முடிவுரை

திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி உள்ளது. அவர் கையில் இருந்த பேய்க்கரும்பு போகும் ஊர்களிலெல்லாம் கசந்து, திருவொற்றியூரில் மட்டும் இனித்தது என்பது மக்கள் சொல்லும் கதை. அவர் உண்டது ஒரே கரும்பு. ஆனால் நாக்குக்குத் தெரிந்தது வேறு வேறு சுவை. துறவியின் நாக்கு சொன்னதைத் தமிழர் ஐயுறாமல் நம்பினார்கள், சமாதியும் எழுப்பினார்கள். அதே கடற்கரைத் தெருவில் ஒரு பிள்ளை 'இது கசக்குது' என்றால் மட்டும் பொய் என்கிறோம்.

தமிழில் இனி வரவேண்டியது அந்தப் பிள்ளையின் படைப்பு. அது தடைக்காலத்தின் 61 நாள் தட்டுகளின் படத்தொகுப்பாக இருக்கலாம். உணவுக் கூடத்தின் ஓசையை வைத்து ஒரு கானாவாக இருக்கலாம். ஓர் இளம்பெண் தன் கையால் வரைந்த சித்திரக் கதையாகவும் இருக்கலாம். அதுவரை, வீட்டிலும் பள்ளியிலும் உள்ள பெரியவர்கள் 'ஏன் சாப்பிட மாட்டாய்?' என்று அதட்டுவதை நிறுத்தி, 'இதில் எது உனக்குத் தொல்லையாக இருக்கிறது?' என்று கேட்டுப் பார்க்கலாம். விடை சொல்லாக வராவிட்டால், ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் வைக்கலாம்.